தீவுப் பிள்ளைகளும் பனி ஆறும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவுப் பிள்ளைகளுக்குக் கடல் வீட்டு முற்றம் மாதிரி. முழங்காலளவு இளஞ்சூட்டுத் தண்ணீரில் நின்று தூண்டில் போட்டவர்கள் நாங்கள். இன்று எங்கள் பிள்ளைகள் கனடாவிலும் நோர்வேயிலும் இளவேனிலில் மலையாறுகளில் இறங்கி, இறகில் கட்டிய போலிப் பூச்சியை வீசி ட்ரவுட் மீன் பிடிக்கிறார்கள். ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியா ஓடைகளில் கொண்டுவந்து விட்டதும் இந்த இன மீனைத்தான். அதற்குக் குளிர்நீர் வேண்டும். அந்தக் குளிர் எங்களுக்கு ஆகாது.

மருத்துவராக இதைச் சொல்கிறேன். இளவேனில் ஆறு உருகிய பனி. 15 பாகை செல்சியசுக்குக் குறைந்த நீரில் சடுதியாக விழுந்தால் மூச்சு தன்பாட்டில் உள்ளிழுக்கும். அப்போது முகம் நீருக்குள் இருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். இந்தத் திணறல் ஓரிரு நிமிடங்களில் தணியும். ஆனால் ஏறத்தாழ 10 நிமிடங்களில் கைகால் சோர்ந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் தாழ்வது இதனால்தான்.

ஆகவே மிதவை அங்கி அணியச் சொல்லுங்கள். நீர்புகாக் காற்சட்டைக்கு மேல் இடுப்புப்பட்டியை இறுக்கச் சொல்லுங்கள். தனியே இறங்க விடாதீர்கள். விழுந்தால் உடனே நீந்தாமல் மல்லாந்து, கால்களை நீரோடும் பக்கம் நீட்டி, மூச்சு சீராகும்வரை மிதக்கவேண்டும். வேகமான நீரில் எழுந்து நிற்கக்கூடாது. கல்லிடுக்கில் பாதம் சிக்கும்.

கடலோடு பழகிய எங்கள் அப்புமார் காற்றைப் பார்த்துத்தான் வள்ளம் இறக்கினார்கள். நீந்தப் பழக்கிய நாங்கள் அந்தப் பயத்தையும் பிள்ளைகளுக்குப் பழக்குவோம்.