மலையுச்சியில் நாகப்பட்டினத்து வாயில்



காரைக்காலிலிருந்து தெற்கே புறப்பட்டு, திருமலைராயன்பட்டினத்தையும் நாகூரையும் கடந்து, ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தூரம் பிரயாணம் செய்தால் நாகப்பட்டினம் வந்துவிடும் என்பது நம்மில் எல்லாரும் அறிந்ததே. ஆனால், அந்த நாகப்பட்டினத்துக் கோட்டை வாயிலை நினைவூட்டும்படி எழுப்பப்பட்ட கற்சின்னம் ஒன்று, கடல்கள் பல கடந்து, ஸ்காட்லாந்து தேசத்தின் வடபகுதியில், ஒரு குன்றின் சிகரத்தில் 240 ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்கிறது என்பதை நம் பிரதேசத்தில் அறிந்தவர் மிகச் சிலரே. இன்று உங்களை அழைத்துச் செல்ல நான் விரும்புவது ஃபைரிஷ் என்னும் அந்தக் குன்றுக்குத்தான்.

இன்வர்நெஸ் என்னும் நகரத்தை விட்டு வடக்கு நோக்கிச் செல்லும் சாலை, நிலத்துக்குள் நெடுந்தூரம் புகுந்து கிடக்கும் கடற்கழிகளைப் பாலங்களால் தாண்டி, குரோமார்ட்டிக் கழிமுகத்தின் கரையை அடைகிறது. அங்கே எவன்டன், ஆல்னஸ் என்ற இரண்டு சிற்றூர்களுக்கு மேலே, சுமார் 450 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்பதே ஃபைரிஷ் குன்று. ஆற்றங்கரையையும் கடற்கரை மணல்மேட்டையும் தவிர வேறு மேடறியாத காவேரிக் கழிமுகத்தாராகிய நமக்கு அந்த ஏற்றம் சற்றே சிரமந்தான். ஆயினும், பைன் மரங்களின் குளிர்ந்த நிழலிலே தொடங்கும் பாதை, மேலே செல்லச் செல்ல மரங்களை நீத்து, ஹெதர் என்னும் குற்றுச்செடி கோடையின் இறுதியில் ஊதாநிறமாகப் பூத்துப் பரந்து கிடக்கும் திறந்த வெளிக்கு நம்மைக் கொண்டுவந்து சேர்க்கும்போது, பட்ட சிரமமெல்லாம் மறந்துபோகிறது.

உச்சியில் அந்தச் சின்னம் நிற்கிறது. நடுவிலே வளைவுகளும், அவற்றின் இருபுறமும் உயர்ந்த தூண்களுமாக, மெருகேற்றாத முரட்டுக் கற்களை அடுக்கிக் கட்டிய வாயில் அது. அதற்குக் கதவும் இல்லை, பின்னே காக்கவேண்டிய கோட்டையும் இல்லை. வளைவினூடே நோக்கினால் கீழே கழிமுகத்தின் வெள்ளிய நீர்ப்பரப்பும், அதிலே நங்கூரமிட்டு நிற்கும் எண்ணெய்த் துரப்பண மேடைகளும் தென்படுகின்றன. காரைக்காலை அடுத்த நிரவியில் எண்ணெய், எரிவாயுக் கழகத்தின் அலுவலகத்தை நாள்தோறும் கடந்து செல்பவர்களுக்கு அக்காட்சி அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

இந்த வாயிலைக் கட்டுவித்தவர் நோவார் என்னும் ஜமீனுக்கு உரியவரான சர் ஹெக்டர் மன்றோ. சென்னையில் குதிரைமீது சிலையாக வீற்றிருக்கும் தாமஸ் மன்றோவும் ஸ்காட்லாந்துக்காரரே; ஆனால் இவர் அவரல்லர், அவருக்கு முந்தியவர். 1764ஆம் ஆண்டு பக்சார் யுத்தத்தில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சேனைக்குத் தலைமை வகித்து வென்றவர் இவர். 1778இல் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றியவரும் இவரே. அதே ஆண்டில் நம் காரைக்காலும் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆனால் 1780 செப்டம்பரில், பொள்ளிலூரிலே ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படையை மைசூர் ஐதர் அலியின் சேனை நிர்மூலமாக்கியபோது, அருகே காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோவால் உரிய சமயத்தில் உதவ முடியவில்லை. அந்த அபகீர்த்திக்குப் பின் அவருக்குக் கிட்டிய வெற்றியே நாகப்பட்டினம்.

1658இல் போர்த்துக்கேசியரிடமிருந்து அந்நகரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1690 முதல் அதையே சோழமண்டலக் கரையில் தங்களுடைய தலைமை இடமாக்கிக்கொண்டிருந்தனர். ஐரோப்பாவில் ஆங்கிலேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யுத்தம் மூண்டபோது, அதன் விளைவு நம் கரையிலும் வந்து மோதியது. 1781 ஐப்பசி மழைக்காலத்தில் நிலத்திலே மன்றோவின் படையும் கடலிலே அட்மிரல் ஹியூஸின் கப்பல்களும் முற்றுகையிட, ஐதரின் வீரர்கள் துணைநின்றும் கோட்டை தாங்காமல் நவம்பர் மாதத்தில் பணிந்தது. 1784இல் ஏற்பட்ட சமாதான உடன்படிக்கையால் நாகப்பட்டினம் ஆங்கிலேயருக்கே நிலைத்துவிட்டது.

கோட்டைச் சண்டையை மாத்திரம் சொல்லி நிறுத்தினால் அந்த ஆண்டின் சரித்திரம் முற்றுப்பெறாது. 1781இல் தஞ்சைச் சீமை முழுவதும் ஐதரின் சேனையால் சூறையாடப்பட்டு, வயல்கள் பாழாகி, ஆடுமாடுகளும் மனிதர்களும் ஓட்டிச் செல்லப்பட்டு, ஜனங்கள் சொல்லொணாத் துன்பத்துக்கு ஆளானார்கள். தஞ்சைக் கோட்டைக்குள் உணவின்றி மக்கள் தவித்தபோது, முன்பு கொடுத்த தானியத்துக்கே விலை பெறாத குடியானவர்கள் கம்பெனியாரை நம்ப மறுத்து, பணத்துக்கு ஸ்வார்ட்ஸ் பாதிரியார் பிணை நின்ற பிறகே நெல் கொண்டுவந்தார்கள் என்பது, அக்காலத்துத் துயரத்தையும் ஒரு மனிதரின் வாக்குக்கு இருந்த மதிப்பையும் ஒருங்கே காட்டுகிறது.

மறு ஆண்டு, 1782இல், ஃபைரிஷ் குன்றின்மேல் வாயில் எழுந்தது. அங்கேயும் அப்பொழுது பசிதான் ஆட்சி செய்தது. பரம்பரையாக உழுதும் மாடு மேய்த்தும் வாழ்ந்த குடிகளை அப்புறப்படுத்திவிட்டு, கம்பளிக்காக ஆட்டுமந்தைகளை அந்த மலைச்சரிவுகளில் விடுவது நிலவுடைமையாளருக்கு லாபமாயிற்று. பிழைப்பிழந்தவர்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்றே மன்றோ இதைக் கட்டுவித்தார் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. வேலை நாள் கூடினால் கூலியும் கூடும் என்று, மேலே சேர்த்த கற்களை அவரே கீழே உருட்டிவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. அந்தக் கதை அவரைக் கருணாமூர்த்தியாகக் காட்டுகிறது. ஆனால், 1792இல் அந்தக் குன்று இருக்கும் ராஸ் பிரதேசத்துக் குடியானவர்கள் ஒன்றுகூடி, வந்து குடியேறிய ஆட்டுமந்தைகளைத் தங்கள் சீமையைவிட்டே துரத்த முனைந்து, படையினரால் அடக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே அறிந்தால்தான், கூலி தந்த அந்த அமைப்பே அவர்களுடைய நிலத்தையும் பறித்தது என்பது விளங்கும்.

இன்று நாகப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கோட்டை இல்லை. கரிக்கோப்புக் கல்லறைகளில் அவர்களுடைய பெயர்கள் மாத்திரம் எஞ்சியிருக்கின்றன. ராஜராஜசோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் அங்கே எழுப்பிய சூடாமணி என்னும் புத்த விகாரத்தின் கடைசிக் கோபுரமும் 1867இல் இடிக்கப்பட்டது. அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைத் தானமளித்ததைக் கூறும் செப்பேடுகளோ நெடுங்காலம் ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரத்தில் இருந்தன. ஆனால், வடக்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் அமைத்த நகர வாயில் இன்றும் நம் போக்குவரத்துக்குப் பயன்படுகிறது.

நேயர்களே, ஒரு வெற்றிச்சின்னம் வென்றவனுடைய பெயரைத்தான் சொல்லும். நெல்லை இழந்தவனையும் நிலத்தை இழந்தவனையும் பற்றி அது பேசாது. ஃபைரிஷ் குன்றில் ஏறுகிற ஸ்காட்லாந்துப் பிள்ளைகளுக்கு அச்சரித்திரத்தின் ஒரு பாதிதான் தெரியும்; மறுபாதி நம்மிடம் இருக்கிறது. நம் பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளை நாகைக்கும் தரங்கம்பாடிக்கும் அழைத்துச் செல்லும்போது, இன்ன தளபதி இன்ன கோட்டையைப் பிடித்தார் என்று கூறுவதோடு நில்லாமல், அந்த ஆண்டில் இந்த வயல்களில் யார் உழுதார்கள், விளைச்சல் என்னவாயிற்று என்பதையும் எடுத்துச் சொல்லவேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள். அவ்வாறு கேட்டு வளரும் பிள்ளை என்றேனும் ஒருநாள் ஃபைரிஷ் குன்றுக்குப் போனால், அங்கிருப்பவர்களுக்கு அந்த வாயிலின் முழுக்கதையையும் சொல்லத் தகுதியுடையவனாக இருப்பான்.