காரணம் சொல்லத் தெரியாதவருக்கு அறிவு கிடையாதா?



தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மதிப்பீடு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய். தண்ணீரும் மேய்ச்சலும் என்ன ஆகும் என்று ஊர்மக்கள் எதிர்த்தார்கள். "நியூட்ரினோ என்றால் என்னவென்றே தெரியாதவர்களுக்கு என்ன பேச்சு?" என்று படித்தவர்கள் சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அறிவு எது என்பதில் மெய்யியலில் இரண்டு பார்வைகள் உண்டு. நம்பிக்கைக்கான நியாயம் நம்புகிறவரின் மனதுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அகவாதம். அந்த நம்பிக்கை வந்த வழி பெரும்பாலும் உண்மையில் கொண்டு சேர்க்கிற வழியா என்று பார்ப்பது புறவாதம். ஆல்வின் கோல்ட்மன் 1979இல் இதை வலுவாக முன்வைத்தார்.

மலையடியில் முப்பது வருடம் ஆடு மேய்த்தவர், எந்த ஓடை எந்த மாதம் வற்றும் என்று சரியாகச் சொல்வார். எப்படித் தெரியும் என்றால் விளக்க வராமல் போகலாம். புறவாதப்படி அது அறிவுதான். விளக்கத் தெரிந்தவருக்கே அறிவு என்ற விதி, படிப்பை ஒரு சாராருக்கு மட்டும் பூட்டிவைத்திருந்த நாட்டில் யாருக்குச் சாதகம்?

இதே அளவுகோல் நம்மையும் அளக்கும். நியூட்ரினோ உடம்பைக் கெடுக்கும் என்ற பயம் வதந்தி வழியாக வந்தது. ஒவ்வொரு நொடியும் லட்சம் கோடிக்கணக்கில் அவை நம்மைத் துளைத்துப் போகின்றன, ஒன்றும் ஆவதில்லை. இதில் இயற்பியலாளர் சொல்வதைக் கேட்போம். ஆனால் அந்தப் பட்டம் ஓடையைப் பற்றிப் பேசவும் சான்றாகிவிடாது. வெடி வைத்தால் ஊற்று என்னாகும் என்ற கணக்கை மேய்ப்பர் தனியாகப் போட முடியாது; அவரை விட்டுவிட்டு வேறு யாரும் போடவும் முடியாது.

1965இல் வளிமண்டல நியூட்ரினோவை முதன்முதலில் பதிவுசெய்த ஆய்வுகளில் ஒன்று கோலார் தங்கவயல் சுரங்கத்தில் நடந்தது. அந்தச் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தலித்துகள். நாம் படித்த பாடத்தில் அவர்கள் கூலிகள். பாறையை அறிந்தவர்கள் அல்ல.

சாதித் திமிருக்கும் உள்ளே பெரிய உறுதி உண்டு. கட்டுக்கதையில் இருந்து வந்த உறுதி அறிவாகாது. எனவே "ஊர் அறிவு" என்று நாம் பேசும்போதும் ஒன்றைக் கேட்போம்: நிலக்காரரைக் கேட்டீர்கள், ராத்திரியில் மடை திறக்கும் நீர்பாய்ச்சியைக் கேட்டீர்களா?