பம்பா தண்ணி வைப்பாற்றுக்கு வருமா?

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போயிருந்தேன். மாரியம்மன் கோயிலுக்கு ஒரு பக்கம் அர்ச்சுனா ஆறு, இன்னொரு பக்கம் வைப்பாறு. ரெண்டு ஆறு இருந்தும் ஜனம் நின்னது மணல்லதான். பக்கத்துல நின்ன பெரியவர் சொன்னார்: "பம்பா தண்ணிய இங்க திருப்பி விட்டிருந்தா இப்படி இருக்குமா தம்பி?"

வீட்டுக்கு வந்து தேடினேன். பம்பா–அச்சன்கோவில்–வைப்பாறு இணைப்புத் திட்டம். தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை 1995ல சாத்தியக்கூறு அறிக்கை கொடுத்தது. கேரளத்தில் 3 அணை, மலையைக் குடைந்து சுரங்கம். வருஷத்துக்கு 634 மில்லியன் கன மீட்டர் தண்ணீர் விருதுநகர், திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் வரும். கூடவே 508 மெகாவாட் மின்சாரம்.

கேரளம் ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்த ரெண்டு ஆறும் வேம்பநாட்டுக் காயலுக்குப் போகுது. நன்னீர் குறைந்தால் கடல் உப்பு குட்டநாட்டு வயலுக்குள் ஏறும் என்பது அவங்க பயம்.

நான் சாஃப்ட்வேர் ஆள். 1995ல டெஸ்ட் பண்ண ரிப்போர்ட்டை வைத்து இன்னைக்கு ஒரு சர்வரை லைவ் பண்ணுவோமா? 2018ல கேரளத்தில் அவ்வளவு பெரிய வெள்ளம் வந்த பிறகும் பழைய கணக்கு போதுமா?

அமெரிக்காவில் தனியார் நீர்மின் அணைகளுக்கு லைசென்ஸ் 30 முதல் 50 வருஷம்தான். முடிந்ததும் மீன், தண்ணீர், கரையோர மக்கள் எல்லாத்தையும் திரும்ப ஆய்வு செய்யணும். கிளாமத் ஆற்று அணைகளுக்கு லைசென்ஸ் 2006ல முடிந்தது. மீன் ஏறிப்போக வழி கட்டச் சொன்னாங்க. கட்டுவதைவிட இடிப்பதே செலவு குறைவு என்று கணக்கு வந்தது. 2024க்குள்ள 4 அணையையும் எடுத்துட்டாங்க. சில வாரத்திலேயே சால்மன் மேலே ஏறி வந்தது.

நம்ம நாட்டில் 2006 அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் அனுமதி கட்டுவதற்கு முன்னாடி வாங்குவது. ஓடிக்கொண்டிருக்கும் அணை இத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப வந்து நிற்கணும் என்ற கெடு கிடையாது. அப்போ முதல் ஆய்வுதான் கடைசி ஆய்வும். அதில் விட்டது விட்டதுதான்.

எங்க ஊருக்குத் தண்ணி வேணும், அதில் சந்தேகமே இல்லை. அதனாலதான் கேட்கிறேன்: ஆய்வைப் புதுசா, ரெண்டு மாநில ஆட்களும் சேர்ந்து, குட்டநாட்டு விவசாயி முன்னாடியும் சாத்தூர் விவசாயி முன்னாடியும் வைத்துப் பண்ணுங்க. "தர முடியாது" என்று வந்தால்கூட, அந்தப் பெரியவருக்கு ஒரு நேர்மையான பதிலாவது கிடைக்கும். முப்பது வருஷமா அவர் காத்திருக்கார்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.