பிள்ளையைக் கேட்டீர்களா?



குடும்பநல நீதிமன்றங்களில் அடிக்கடி நடப்பதைச் சொல்லித் தொடங்குகிறேன். பிரிந்து வாழும் தாய், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தன் பிள்ளைக்காக ஜீவனாம்சம் கேட்டு மனுப்போடுகிறார். கணவர் தரப்பில் எதிருரை தாக்கலாகிறது. வருமானம் குறைவு, கடன் அதிகம் என்ற வழக்கமான வரிகளுக்கு நடுவே ஒரு வரி வருகிறது: இந்தப் பிள்ளை எனக்குப் பிறந்ததல்ல, டி.என்.ஏ. பரிசோதனைக்கு உத்தரவிட வேண்டும். தாய்க்கு ஒரு வழக்கறிஞர் வாதாடுகிறார், தந்தைக்கு ஒருவர் வாதாடுகிறார். யாருடைய உடலிலிருந்து மாதிரி எடுக்கப் போகிறார்களோ, யாருடைய பெயரும் பிறப்பும் அந்த ஒரு தாளில் முடிவாகப் போகிறதோ, அந்தப் பிள்ளைக்காகப் பேச ஆளில்லை. பல நேரங்களில் இப்படி ஒரு மனு நிலுவையில் இருப்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. இது அநீதி என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன். பதின்வயதுப் பிள்ளையின் தந்தைமையைச் சோதிக்கும் முன் அந்தப் பிள்ளையைக் கேட்டாக வேண்டும். அதற்கெனத் தனியாக ஒருவர் அதன் பக்கம் நிற்க வேண்டும். என் வாதம் இவ்வளவுதான்.

அறிவியலின் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இந்தியாவில் டி.என்.ஏ. பரிசோதனை நீதிமன்றப் படி ஏறியதே ஒரு குழந்தைக்காகத்தான். 1980களின் இறுதியில், கேரளத்தின் தலசேரியில், திருமணத்துக்கு வெளியே பிறந்த ஒரு குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்டு வழக்கு நடந்தது. தான் தந்தையல்ல என்று அந்த மனிதர் மறுத்தார். ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் பரிசோதனை நடந்தது. விஞ்ஞானி லால்ஜி சிங் சாட்சியம் அளித்தார். மறுத்த அந்த மனிதர்தான் தந்தை என்று முடிவானது. 1991-ல் கேரள உயர்நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஏமாற்றப்பட்ட ஒரு பெண்ணுக்கும் பெயரற்ற ஒரு குழந்தைக்கும் அன்று கைகொடுத்தது இதே பரிசோதனைதான். இன்றைக்கும், திருமண உறவில்லாத ஒருவரிடமிருந்து பிள்ளை ஜீவனாம்சம் கேட்கும்போது இதைவிட வலுவான துணை வேறில்லை. சட்டமும் அங்கே தாராளமாகவே இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, இப்போது 144 என்று எண் மாறியிருக்கிறது. முறைப்படி பிறந்த பிள்ளை, முறை தவறிப் பிறந்த பிள்ளை என்று பார்க்காமல் இருவருக்குமே தகப்பனிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற அது வழிசெய்கிறது.

சிக்கல் எழுவது திருமணத்துக்குள் பிறந்த பிள்ளையின் விஷயத்தில். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 112-ஆம் பிரிவு ஒன்று இருந்தது. செல்லத்தக்க திருமணம் நிலைத்திருக்கும்போதோ, அது முறிந்து தாய் மறுமணம் செய்யாத நிலையில் 280 நாட்களுக்குள்ளோ பிறந்த குழந்தை அந்தக் கணவருடையதே என்பது இறுதியான நிரூபணம் என்று அது சொன்னது. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் கூடி வாழ வாய்ப்பே இருக்கவில்லை என்று காட்டினால் மட்டும் அது உடையும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இதே விதி 116-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. இது பழங்காலத்து ஒழுக்கப் பார்வை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பெரியவர்களின் சண்டையில் பிள்ளையின் பிறப்பு பகடைக்காயாகிவிடக் கூடாது என்ற கவலை அதற்குள் இருக்கிறது.

அந்தக் கவலையை உச்ச நீதிமன்றம் 1993-லேயே வெளிப்படுத்தியது. மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஒரு ஜீவனாம்ச வழக்கில், கேட்டவுடன் ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடும் வழக்கம் கூடாது என்றது. கூடி வாழ வாய்ப்பில்லை என்பதற்கு வலுவான முகாந்திரம் வேண்டும். உத்தரவின் விளைவாகப் பிள்ளைக்கும் தாய்க்கும் என்ன நேரும் என்று நீதிமன்றம் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். ரத்த மாதிரி தருமாறு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொன்னது. 2014-ல் வந்த தீர்ப்பு வேறு திசையில் போனது. அந்த வழக்கில் பரிசோதனை ஏற்கெனவே நடந்து முடிந்து, கணவர் தந்தையல்ல என்று அறிக்கை வந்திருந்தது. சட்டத்தின் ஊகமும் அறிவியலின் உண்மையும் மோதினால் உண்மைதான் நிற்கும் என்றது நீதிமன்றம். அதுவரை கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது என்று மட்டும் சொல்லி, அந்தப் பெண் பிள்ளைக்கான ஜீவனாம்சத்தை நிறுத்தியது. தர்க்கம் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளையின் இடத்தில் நின்று பாருங்கள். ஒரே நாளில் தகப்பன் என்ற பெயரும் போயிற்று, மாதத் தொகையும் போயிற்று, அந்த இடத்தில் வேறு எவரும் வந்து நிற்கவும் இல்லை.

பிறகு 2023 பிப்ரவரியில் நீதிபதிகள் ராமசுப்பிரமணியனும் நாகரத்னாவும் அளித்த தீர்ப்பு, பிள்ளையை நடுவில் வைத்துப் பேசியது. தாயின் நடத்தையை நிரூபிக்கும் குறுக்குவழியாகப் பிள்ளையின் மரபணுவைப் பயன்படுத்தக் கூடாது. அந்தரங்க உரிமை பிள்ளைக்கும் உண்டு. தன் பிறப்பைக் காரணமின்றிக் கேள்விக்குள்ளாக்காமல் இருக்கும் உரிமையும் உண்டு என்றது. இந்தத் தீர்ப்பை மனமார வரவேற்கிறேன். ஆனாலும் ஒரு படி மிச்சம் இருக்கிறது. பிள்ளையின் நலன் என்ன என்பதைப் பெரியவர்கள் கூடி முடிவுசெய்கிறார்களே தவிர, வாய் திறந்து பேசத் தெரிந்த பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இன்னும் வரவில்லை.

பதினைந்து வயதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கைக்குழந்தைக்குப் பரிசோதனை ஒரு நிமிட அழுகை. பதின்வயதுப் பிள்ளைக்கு அப்படியல்ல. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியைத் தேய்த்தோ, கையில் ஊசி குத்தியோ மாதிரி எடுக்கிறார்கள். உறையை ஒட்டி முத்திரை வைக்கிறார்கள். புகைப்படம் ஒட்டிய அடையாளப் படிவம் ஒன்று இருக்கும். பிள்ளை கையெழுத்திட வேண்டிய இடத்தில் காப்பாளர் கையெழுத்திடுவார். அதே பிள்ளை பள்ளித் தேர்வுத் தாளில் தானே கையெழுத்திடுகிறது! எதிரே தந்தை இன்னொரு நாற்காலியில் அதே மாதிரியைக் கொடுக்க உட்கார்ந்திருப்பார். எதற்காக இந்தப் பரிசோதனை என்று அந்தப் பிள்ளைக்கு நன்றாகப் புரியும். நம் தமிழ்நாட்டில் இது இன்னும் கூர்மையானது. இங்கே பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்பது பெரும்பாலும் தகப்பனின் இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலும், சாதிச் சான்றிதழிலும், குடும்ப அட்டையிலும் அது ஏறியிருக்கிறது. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது தினமும் உரக்க வாசிக்கப்படும் அந்த ஒற்றை எழுத்தை, ஒரு ஜீவனாம்ச மனுவுக்கான எதிருரை அசைத்துப் பார்க்கிறது. பிறப்பைச் சொல்லித் திட்டும் வசவு எவ்வளவு ஆழமாகக் குத்தும் என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிள்ளையைக் கேட்பது நம் சட்டத்துக்குப் புதிய பழக்கமா? இல்லை. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமே, விவரமாக விருப்பம் சொல்லும் வயதுடைய மைனரின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. யாரிடம் வளர்வது என்று நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்கு அழைத்துப் பேசுகிறார். 1992-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவும், தன்னைப் பாதிக்கும் எந்த நடவடிக்கையிலும் பிள்ளையின் குரல் கேட்கப்பட வேண்டும் என்கிறது. இங்கிலாந்தில் 1969-ஆம் ஆண்டின் சட்டப்படி, பதினாறு வயதானவர் மாதிரி தருவதற்குத் தானே சம்மதிக்க வேண்டும். அதற்கு நீதிமன்றத்தின் உத்தரவோ பெற்றோரின் கையெழுத்தோ ஈடாகாது. யாரோடு வசிப்பது என்று கேட்கத் தகுந்த பிள்ளை, யாருடைய பிள்ளை என்ற கேள்வி எழும்போது மட்டும் ஏன் கேட்கத் தகாததாகிவிடுகிறது?

இங்கே எதிர்வாதங்கள் வரும். அவற்றைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை.

முதலாவது: தன் பிள்ளையல்லாத ஒன்றுக்கு ஒருவன் வாழ்நாள் முழுவதும் பணம் கட்ட வேண்டுமா? ஏமாற்றப்பட்ட ஆணின் வலி உண்மையானது. அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் அந்த ஆணுக்குச் சட்டம் கதவை மூடவில்லை. கூடி வாழ வாய்ப்பில்லை என்று காட்டும் வழி திறந்தே இருக்கிறது. நான் கேட்பது காலத்தைப் பற்றி. பள்ளியில் சேர்த்து, தன் இனிஷியலைக் கொடுத்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அப்பா என்ற அழைப்புக்குத் திரும்பிப் பார்த்த மனிதருக்கு, ஜீவனாம்ச நோட்டீஸ் கைக்கு வந்த வாரத்தில் சந்தேகம் பிறந்தால், அதை நீதிமன்றம் எவ்வளவு எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும்! ஜெர்மனியில் தந்தைமையை மறுக்க விரும்புகிறவர், சந்தேகத்துக்கு இடமளிக்கும் செய்தி தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அப்படி ஒரு காலவரம்பு நமக்கும் வேண்டும். வளர்த்த ஆண்டுகளுக்கும் சட்டத்தில் எடை இருக்கட்டும்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் நுட்பமானது. பதின்வயதுப் பிள்ளை தாயோடு இருக்கிறது. தாய் சொல்லிக்கொடுப்பதைத்தானே ஒப்பிக்கும்? இருக்கலாம். அதனால்தான் தனி வழக்கறிஞர் கேட்கிறேன், நீதிபதியின் அறையில் பெற்றோர் இல்லாத உரையாடல் கேட்கிறேன், பயிற்சி பெற்ற ஆலோசகர் கேட்கிறேன். சொல்லிக்கொடுத்த பேச்சையும் சொந்தப் பேச்சையும் பிரித்தறிவது நீதிபதிகள் தினமும் செய்கிற வேலை. சாட்சி பொய் சொல்லக்கூடும் என்பதற்காக நாம் சாட்சிகளையே விசாரிக்காமல் விடுகிறோமா? பிள்ளை சொல்வதே இறுதித் தீர்ப்பு என்று நான் சொல்லவில்லை. அதைக் கேளாமல் தீர்ப்பு வரக் கூடாது என்கிறேன்.

இப்போது மறுபக்கத்துக்கு வருகிறேன். பிள்ளையின் குரல் எப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று பிள்ளையே கேட்கும் வழக்குகளும் உண்டு. உத்தரப் பிரதேசத்திலும் உத்தராகண்டிலும் முதலமைச்சராக இருந்த என்.டி. திவாரி மீது தொடரப்பட்ட வழக்கு நாடறிந்தது. மகன் என்று உரிமை கோரியவர் பிறந்தபோது அவருடைய தாய்க்கு வேறொருவருடன் நடந்த திருமணம் நிலைத்திருந்தது. ஆனாலும் 2012-ல் டெல்லி உயர்நீதிமன்ற உத்தரவின்படி திவாரியின் ரத்த மாதிரி எடுக்கப்பட்டது. அவரே தந்தை என்று முடிவு வந்தது. இதற்கு மாறாக, 2025 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பரிசோதனையை மறுத்தது. 2001-ல் பிறந்த அந்த இளைஞர், தன் உண்மையான தந்தை என்று தான் கருதும் மனிதரிடம் ஜீவனாம்சம் கேட்டிருந்தார். தாய்க்கும் அவருடைய கணவருக்கும் கூடி வாழும் வாய்ப்பு இருந்ததால் சட்டப்படி கணவர்தான் தந்தை. மற்றவரின் அந்தரங்கத்தில் கைவைக்க முடியாது என்றது நீதிமன்றம். பணத்தைப் பொறுத்தவரை இந்தத் தீர்ப்பின் நியாயம் எனக்குப் புரிகிறது. பிள்ளைக்குச் சட்டப்படி ஒரு தகப்பன் இருக்கும்போது இன்னொருவரிடம் தொகை கேட்க முடியாது. ஆனால் தன் பிறப்பை அறிய வேண்டும் என்ற ஏக்கத்துக்கு அதில் பதில் இல்லை.

இந்த இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டியதுதான் நம் சட்டத்தின் கோளாறு என்பது என் துணிபு. தெரிந்துகொள்வது ஒன்று, சட்டப்படியான உறவு மற்றொன்று. 2008-ல் ஜெர்மனி இவற்றைப் பிரித்தது. தந்தை, தாய், பிள்ளை மூவரில் எவரும் மற்ற இருவரிடம் பரிசோதனைக்குச் சம்மதம் கேட்கலாம். அதன் முடிவால் மட்டும் சட்டப்படியான தந்தைமை மாறாது, ஜீவனாம்சமும் நிற்காது. மைனர் பிள்ளைக்குக் கடுமையான பாதிப்பு ஏற்படும் என்றால் நீதிமன்றம் நடவடிக்கையைத் தள்ளிவைக்கலாம். நமக்கு ஏற்றபடி இதைத் திருத்திக்கொள்ள முடியும். பிள்ளை கேட்டால் வழி கொடுங்கள். பெற்றோர் கேட்டால் பிள்ளையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

நீதிமன்றத்துக்கு வெளியே நடப்பதையும் விட்டுவிட முடியாது. இணையத்தில் பணம் கட்டினால் பரிசோதனைப் பெட்டி வீட்டுக்கே வருகிறது. தூங்கும் பிள்ளையின் முடியையோ பல் துலக்கும் பிரஷ்ஷையோ அனுப்பி முடிவு வாங்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சம்மதமின்றி ஒருவருடைய டி.என்.ஏ.வைப் பகுப்பாய்வு செய்ய முயல்வது இங்கிலாந்தில் குற்றம். நம் நாட்டில் 2019-ல் மக்களவையில் அறிமுகமான டி.என்.ஏ. தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா 2023-ல் திரும்பப் பெறப்பட்டது. அந்த வெற்றிடத்தில் முதலில் அகப்படுவது பிள்ளைகள்தான்.

புதிய சட்டம் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 2020-ல் உச்ச நீதிமன்றம், மனுச் செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்று வழிகாட்டியிருக்கிறது. எனவே பரிசோதனை கேட்டு மனுப்போட்டுவிட்டால் வாய்தா வாங்கிக்கொண்டே காலத்தைக் கடத்தலாம் என்ற நினைப்புக்கு இடம் தராமல், இடைக்காலத் தொகையை நீதிமன்றங்கள் முதலிலேயே உத்தரவிட வேண்டும். பள்ளிக் கட்டணம் ஆய்வக அறிக்கைக்காகக் காத்திருக்காது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, வருமானம் எதுவானாலும் குழந்தைக்கு இலவச சட்ட உதவி உண்டு என்கிறது. நம் மாவட்ட நீதிமன்ற வளாகங்களிலேயே அந்த ஆணைக்குழுக்கள் இயங்குகின்றன. இந்த அவையில் இருக்கும் வழக்கறிஞர்களை உரிமையோடு கேட்கிறேன்: அடுத்த முறை இப்படி ஒரு பரிசோதனை மனு உங்கள் முன் வரும்போது, நீங்கள் எந்தப் பக்கம் வாதாடினாலும் சரி, பிள்ளைக்குத் தனியாக ஒரு வழக்கறிஞரை நியமிக்குமாறு முதல் வாய்தாவிலேயே எழுந்து நின்று கேளுங்கள். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவர்களே, உங்களில் யாருக்காவது இப்படி ஒரு தாள் வந்தால் அந்த ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய், எனக்கு ஒரு வழக்கறிஞர் வேண்டும் என்று நீங்களே கேட்கலாம்.