திரையில் நிற்கும் தமிழ்

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855இல் தோன்றிய உ.வே.சாமிநாதையர், 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்ததோடு அமைந்தாரல்லர். பின்வந்த பதிப்புகளிலும் திருத்திக்கொண்டே இருந்தார். கட்டற்ற இயக்குதளத்திற்கும் அத்தகைய பதிப்பாசிரியர் வேண்டும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸின் மூலநிரல், எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரியது. அவ்வழி வந்த டெபியனைத் தழுவிச் சிடாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' 2007இல் வெளிவந்தது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் அது மாணவர் கைக்கும் எட்டியது.

திரையில் காணும் 'கோப்பு', 'சேமி' முதலிய சொற்கள், தனிக் கோப்பொன்றில் ஆங்கிலத் தொடரின்கீழ்த் தமிழாக எழுதப்படுபவை. நிரல் அறியாதாரும் எழுதலாம். தமிழ் அறிந்திருத்தல் வேண்டும், அவ்வளவே! இயக்குதளம் புதுப்பிக்கப்படுங்கால் மூலத்தொடர் சிறிது மாறினும், பழைய தமிழ்த்தொடர் ஐயத்திற்குரியதெனக் குறிக்கப்பட்டு விலக்கப்படும். ஒருவர் பார்த்து ஒப்பும்வரை அவ்விடத்தில் ஆங்கிலமே நிற்கும். ஆண்டுதோறும் தூர்வாராத வாய்க்காலில் கடைமடைக்கு நீர் ஏறாததை இவ்வூரார் அறிவர்.

இப்பணியைத் தன்னார்வலர் சிலரே சுமந்து வந்துள்ளனர். தமிழ் கற்றோர் போதிய பங்கு கொண்டிலர். 'ஹோம்' என்னும் ஒரு சொல்லே கோப்புறையாயின் 'இல்லம்' எனவும், வலைப்பக்கமாயின் 'முகப்பு' எனவும், விசைப்பலகையில் வரித்தொடக்கத்திற்குச் செல்லும் விசையாயின் 'தொடக்கம்' எனவும் வேறுபடல் வேண்டும். இடனறிந்து சொல் தேரும் இவ்வேலைக்கு நிரலாளர் மட்டும் போதார்.