சாலையோரத்தில் யாருக்கு இடம்?

(பாலக்கோட்டில் நடந்த இளைஞர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தொழில் தொடங்குவது பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் ஆய்வு மாணவன், வியாபாரி இல்லை. ஆனால் என் சித்தியோடு கடைக்கு இடம் தேடி இந்த ஊரில் அலைந்திருக்கிறேன்.

இடம் பார்ப்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஆள் நடமாட்டம், தண்ணீர், வண்டி நிறுத்த வசதி, வாடகை. தக்காளி மண்டிக்கு விடியும் முன்பே லோடு வருகிறது. சுமை இறக்குகிறவர்களுக்கு அந்நேரத்தில் சூடாக இட்லி வேண்டும். சித்தி இதையெல்லாம் படிக்காமலே கணக்குப் போட்டிருந்தார். மண்டிக்குப் போகும் வழியில் ஒரு கடை காலியாக இருந்தது. வாடகை பேசி முடித்தோம். கிளம்பும்போது உரிமையாளர் கேட்டார்: "நீங்க எந்த ஊருங்கம்மா?"

ஊர்ப் பெயரைச் சொன்னார். "ஊருக்குள்ளயா, காலனியா?"

மறுநாள் போன் வந்தது. வேறொருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டாராம். அந்தக் கடையின் ஷட்டர் மூன்று மாதம் திறக்கவே இல்லை.

கடைசியில் காலனி முனையில்தான் சித்தி கடை போட்டார். அங்கே வாங்குகிறவர்கள் எல்லோரும் நம் ஆட்கள், கூலிக்காரர்கள். வேலை இருந்தால் காசு, இல்லாவிட்டால் கடன் நோட்டு. இட்லியின் ருசி மாறவில்லை, இடம் மாறியது. "அவங்களுக்கு வியாபாரம் வராது" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இது புதிதல்ல. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கருக்கு 1917இல் பரோடாவில் தங்க இடம் கிடைக்கவில்லை. பிறகு பம்பாயில் பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்று, அதை மூட வேண்டியதாயிற்று. அறிவை விற்றவருக்கே அந்த நிலை என்றால், சமைத்த சோற்றை விற்கிறவருக்கு?

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் தருகிறது. நல்ல திட்டம், அவசியம் விண்ணப்பியுங்கள். ஆனால் மானியம் கையில் இருந்தாலும் கடைவீதியில் சாவி கொடுக்க ஒருவர் சம்மதிக்க வேண்டும். அந்தச் சாவி பெரும்பாலும் யாரிடம் இருக்கிறது?

தொழில் செய்யவிடாமல் தடுப்பதும் பொருளாதாரப் புறக்கணிப்பும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அந்த உரிமையாளர் சாதிப் பெயரை உச்சரிக்கவே இல்லை. "எந்த ஊரு" என்று மட்டும்தான் கேட்டார். எதை வைத்துப் புகார் கொடுப்பது?

அதனால் தனியார் ஷட்டரை மட்டும் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் உள்ளாட்சிக்குச் சொந்தமான கடைகள் பொதுச் சொத்து. அவை யார் பெயரில் ஏலம் போயின, எத்தனை ஆண்டுகளாக ஒரே கையில் இருக்கின்றன, பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். பதிலை வைத்துக்கொண்டு பங்கு கேட்போம்.

விண்ணப்பத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கையெழுத்துப் போட பத்துப் பேர் வேண்டும். முதல் கையெழுத்து சித்தியுடையது.