அண்ணாவியாருக்குப் பாடசாலை வாயில் திறக்கட்டும்

(மட்டக்களப்பில் நடைபெற்ற பாடசாலைக் கலைவிழா ஒன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



சற்றுமுன் இம்மேடையிற் பத்தாந்தர மாணவி ஒருத்தி கூத்தைப் பற்றிப் பேசினாள். வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேற்றுமை, வட்டக்களரியின் அமைப்பு, அண்ணாவியாரின் கடமை ஆகிய யாவற்றையும் பிழையின்றிக் கூறினாள். நாமும் கைதட்டினோம். கீழே இறங்கியதும், "மகள், நீ கூத்துப் பார்த்திருக்கிறாயா?" என்று வினவினேன். "இல்லை ஐயா, புத்தகத்தில் இருக்கிறது" என்றாள்.

அவள்மீது குற்றமில்லை. அவளுடைய ஊரிலேயே மத்தளத்தை உறையிலிட்டு வைத்திருக்கும் அண்ணாவியார் ஒருவர் வாழ்கிறார். அவரைப் பாடசாலை அழைத்ததில்லை. விதியில் இடமில்லை என்பர். ஆசிரியர் சேவையிற் சேரப் பட்டம் வேண்டும். அன்றேல் கல்வியியற் கல்லூரிச் சான்று வேண்டும். விதி நல்ல நோக்கத்துடன் எழுந்ததே. தகுதியற்றோர் நுழையாதிருக்க வேண்டுமன்றோ! ஆனால் இக்கலையைப் பொறுத்தவரை அது தகுதியுடையோரையே வெளியே நிறுத்துகிறது. நேரிற் கண்ட சாட்சியை விலக்கிவிட்டு, கேள்விப்பட்டவனைக் கூண்டில் ஏற்றினால் எந்த நீதவான் ஏற்பார்?

அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் பல்கலைக்கழகமே இவ்வாறு நடந்துகொள்ளவில்லை. பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1962 ஆம் ஆண்டு 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது, மாணவர்க்கு ஆட்டம் பழக்க வந்தவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். அவரிடம் சான்றிதழ் கேட்டார் எவருமிலர். 1964 இல் 'இராவணேசன்' வந்தது. விடிய விடிய ஆடிய கூத்து, மேடைக்கேற்ப ஒன்றரை மணி நேர அளவிற்குச் சுருங்கியது. சுருக்கியதிற் சிலவற்றை இழந்தோம் என்பாரும் உளர். அவ்வழக்கை இன்று நான் எடுக்கவில்லை. கற்றோர் கூத்தை மதிக்கத் தொடங்கியது அக்காலத்தில் என்பதே எனக்கு வேண்டியது.

கமக்காரப் பெரியோர்களே, கூத்துப் பழக்கம் எத்தகைய கல்வி என்பதை நீங்கள் என்னைவிட நன்கறிவீர்கள். வேளாண்மை வெட்டிச் சூடடித்தபின் ஊர் கூடும். அண்ணாவியார் ஆளைப் பார்த்து, குரலைப் பார்த்துச் சட்டங்கொடுப்பார். மாதக்கணக்கில் இரவுதோறும் தாளக்கட்டும் ஆட்டமும் பழகுதல், பின்னர் கிழமைக்கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம், அதன்பின் வீட்டுக்கு வீடு ஆடுதல். எழுத்தறியாதவரும் நூற்றுக்கணக்கான பாடல்களை மனத்தில் நிறுத்தினர். ஒருவன் அடி தவறினால் ஊரே திருத்தியது. பரீட்சை மண்டபத்தில் மூன்று மணி நேரத்தில் அளக்கத்தக்க பொருளா இது?

மற்றொன்றையும் மறைக்காமற் கூறவேண்டும். மரபுக் களரியிற் பெண் வேடத்தையும் ஆண்களே தரித்தனர். மேடையிற் பேசிய அந்தப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. அந்த இடத்தைக் கொடுக்கக்கூடியது பாடசாலை ஒன்றே.

பாடம் இல்லையென்று நாம் முறையிட முடியாது. ஆறாந்தரம் முதல் ஒன்பதாந்தரம் வரை அழகியற் பாடம் ஒன்றை ஒவ்வொரு பிள்ளையும் கற்கிறது. நாடகமும் அரங்கியலும் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் உண்டு. ஆயினும் பத்தாந்தரம் வந்ததும் என் போன்ற சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் பிள்ளையிடம் என்ன கேட்கிறோம்? "எந்தப் பாடத்தில் 'ஏ' எடுப்பது எளிது?" என்று கேட்கிறோம். வீட்டில் ஏசும்போது "கூத்தாடி" என்ற சொல் இன்னும் வசைச்சொல்லாகவே வருகிறது. அண்ணாவிமார் பலர் எளிய குடியிற் பிறந்தவர் என்பதும் அந்த ஏளனத்துக்கு ஒரு காரணம்; அதை மூடிமறைப்பதிற் பயனில்லை.

1987 இல் வந்த பதின்மூன்றாவது திருத்தம் கல்வியில் மாகாணங்களுக்கு அதிகாரம் பகிர்ந்தது. கிழக்கு மாகாணசபையின் காலம் 2017 இலும் வடக்கினது 2018 இலும் முடிவுற்றன. அதன்பின் நிர்வாகம் ஆளுநர் கைக்குச் சென்றது. தேர்தலைக் கேட்போம்; அது நமது உரிமை. ஆனால் சபைகள் நம்மிடம் இருந்த நாளில் அண்ணாவியாரின் ஊதியத்தை முதன்மையான காரியமாகக் கொண்டோமா என்று, மேடையேறி உரிமை பேசும் நாமே நெஞ்சிற் கைவைத்துக் கேட்க வேண்டும்.

விதி மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அறுவடை முடிந்தபின் இரண்டு மாதம், கிழமைக்கு இரு மாலை, இம்மண்டபத்திலேயே பழக்கலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் படிப்பணம் கொடுக்கட்டும். போடிமார் நெல் கொடுப்பதாக இப்போதே வாக்களித்திருக்கின்றனர். நாளை மாலை அதிபர் அவர்களும் நானும் அண்ணாவியார் வீட்டுக்குச் செல்கிறோம். கடிதம் அனுப்புவது முறையன்று. வெற்றிலை பாக்கு வைத்தே அழைக்க வேண்டும். வர விரும்பும் பெற்றோர் ஐந்து மணிக்குப் பாடசாலை வாசலில் நில்லுங்கள்.